பறவை அறிஞர் சலீம் அலி

தோற்றுவாய்

கார்காலம் கழிந்து மார்கழிப் பனி பெய்யத் தொடங்கும் நாள்களில், சென்னைக்கு மேற்கே பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த ஏரிகளுக்கும், அவற்றை அடுத்து எஞ்சியிருக்கும் வயல்களுக்கும் புதிய விருந்தினர் வந்து சேர்கின்றனர். செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்ப்பரப்பில் ஊசிவால் வாத்துகளும் நீலச்சிறகிகளும் மிதக்கின்றன. சேற்று வயல்களில் உள்ளான்கள் அலகால் துழாவி இரை தேடுகின்றன. மேயும் மாடுகளின் காலடியில் மஞ்சள் வாலாட்டிகள் ஓடியோடிப் பூச்சிகளைக் கவ்வுகின்றன. மின்கம்பிகளில் தகைவிலான்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. பங்குனி, சித்திரைத் திங்களில் பார்த்தால் இவற்றுள் பெரும்பாலானவை காணப்படுவதில்லை.

இவை எங்கிருந்து வந்தன? எங்கே சென்றன? இவ்வினாக்கள் பழமையானவை. வறுமையுற்ற சத்திமுத்தப் புலவர், தென்குமரியாடி வடதிசைக்கு மீளும் செங்கால் நாரையைத் தம் மனைவிக்குத் தூதாக விடுத்த செய்தியைத் தமிழர் அறிவர். பறவைகள் பருவந்தோறும் வழிச்செல்வன என்பதை அப்புலவர் அறிந்திருந்தார். ஆயினும், எந்தப் பறவை எந்த நாட்டிலிருந்து புறப்பட்டு எத்தனை கல் தொலைவு பறந்து நம் வயலை அடைகிறது என்பதை ஐயமற அறிவதற்குப் பாட்டு மட்டும் போதாது. பொறுமையான ஆராய்ச்சி வேண்டும். இந்திய நாட்டில் அவ்வாராய்ச்சியைத் தம் வாழ்நாட் பணியாக மேற்கொண்டவர் சலீம் அலி ஆவார்.

பிறப்பும் இளமையும்

சலீம் அலி 1896-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் பம்பாய் நகரில் பிறந்தார். அந்நகரமே இன்று மும்பை எனப்படுகிறது. பெற்றோருக்கு இவர் கடைசிப் பிள்ளை. ஓராண்டு நிரம்பியபோது தந்தையையும், மூன்றாண்டு நிரம்பியபோது தாயையும் இழந்தார். தாய்மாமன் அமிருத்தீன் தையாப்ஜியும், அவர்தம் துணைவியார் அமீதா பேகமும் இக்குழந்தையைத் தம் இல்லத்தில் வைத்து வளர்த்தனர்.

அமிருத்தீன் வேட்டையில் விருப்பம் உடையவர். அக்காலத்துச் செல்வர் வீட்டுச் சிறுவர்க்கு வேட்டை ஒரு விளையாட்டாக இருந்தது. சலீமுக்கும் சிறியதொரு காற்றுத் துப்பாக்கி கிடைத்தது. பத்து வயதளவில் இவர் ஒருநாள் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். எடுத்துப் பார்த்தபோது, அது வீட்டுக் கூரையில் வாழும் சிட்டுக்குருவி போலவே இருந்தது. ஆனால் அதன் தொண்டையில் மட்டும் மஞ்சள் நிறம் தோய்ந்திருந்தது. அதனைச் சமைத்து உண்ணலாமா, ஆகாதா என்னும் ஐயம் சிறுவனுக்கு எழுந்தது. மாமனிடம் கேட்டார். மாமனுக்கும் அக்குருவியின் இனம் தெரியவில்லை.

தெரியாததைத் தெரிந்ததுபோல் கூறி அச்சிறுவனின் வாயை அடைக்க அமிருத்தீன் விரும்பவில்லை. 1883-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் அவர் உறுப்பினராக இருந்தார். அக்கழகத்தின் செயலாளர் மில்லர்டு என்னும் ஆங்கிலேயருக்கு ஒரு மடல் எழுதிக் கொடுத்துச் சிறுவனை அங்கு அனுப்பினார். கையில் குருவியும் நெஞ்சில் நடுக்கமுமாகச் சென்ற சலீமை மில்லர்டு அன்புடன் வரவேற்றார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று கூறினார். பின்னர், பதப்படுத்தி வைக்கப்பட்ட நூற்றுக்கணக்கான பறவைகளை இழுப்பறைகளைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். படிப்பதற்குச் சில நூல்களையும் கொடுத்து உதவினார். ஒரு சிறுவனின் கேள்வியைப் பொருட்படுத்தி அம்மனிதர் செலவிட்ட அந்தச் சிறிது நேரமே, இந்தியாவிற்கு ஒரு பேரறிஞரை அளித்தது எனலாம்.

கல்வியும் தடைகளும்

சலீம் பள்ளியில் முதல்வராக விளங்கியவர் அல்லர். அடிக்கடி வந்த தலைவலி காரணமாகக் கல்வி தடைப்பட்டது. 1913-ஆம் ஆண்டில் மெட்ரிகுலேசன் தேர்வில் அரிதின் முயன்றே தேறினார். கல்லூரியிற் சேர்ந்தபோது அடுக்குமூலக் கணக்கும் குறிக்கணக்கும் இவரை அச்சுறுத்தின. படிப்பை இடையில் நிறுத்தி, குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலையும் மரத் தொழிலையும் கவனிக்கப் பர்மாவிலுள்ள தாவாய்க்குச் சென்றார். அங்கே சுரங்கத்தைக் காட்டிலும், அதனைச் சூழ்ந்திருந்த காடே இவர் உள்ளத்தைக் கவர்ந்தது. மரக்கிளையில் அமரும் பறவைக்குச் செலவான நேரம் கணக்கேட்டுக்குச் செலவாகவில்லை. எனவே தொழில் தழைக்கவில்லை.

1917-ஆம் ஆண்டில் பம்பாய்க்கு மீண்டு, வாணிகச் சட்டமும் கணக்கியலும் கற்கத் தொடங்கினார். தூய சவேரியார் கல்லூரிப் பேராசிரியராகிய பிளாட்டர் அடிகளார் இவருடைய நாட்டம் எதில் உள்ளது என்பதைக் கண்டுகொண்டு, விலங்கியலையும் பயிலுமாறு தூண்டினார். காலையில் கணக்கியலும் பின்னர் விலங்கியலுமாக இரு துறைகளையும் சலீம் கற்றார். 1918-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் தெகுமினா என்னும் நங்கையை மணந்தார்.

பறவைகளைப் பற்றி மிகுதியாக அறிந்திருந்தும், முறையான பட்டம் இல்லாமையால் இந்திய விலங்கியல் அளவைத் துறையில் இவர் விரும்பிய பதவி கிட்டவில்லை. 1926-ஆம் ஆண்டில் பம்பாய் வேல்சு இளவரசர் அருங்காட்சியகத்தில், காண வருவோர்க்கு விளக்கம் கூறும் பணி கிடைத்தது. அப்பணியிலிருந்து விடுப்புப் பெற்று, செருமனி நாட்டின் பெர்லின் நகருக்குச் சென்று, எர்வின் சுத்திரேசமன் என்னும் பறவையியல் அறிஞரிடம் பயின்றார். அவரையே தம் ஆசான் என்று சலீம் அலி வாழ்நாள் முழுவதும் போற்றினார். அந்நாட்டின் எலிகோலாந்துத் தீவில் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் இட்டு விடுவிக்கும் முறையையும் அப்போதுதான் நேரிற் கற்றார்.

1930-ஆம் ஆண்டில் தாயகம் திரும்பியபோது ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. பணமுடை காரணமாக அருங்காட்சியகத்தில் இவருடைய பதவியே நீக்கப்பட்டிருந்தது. வயதோ முப்பத்து மூன்று; கையில் பட்டம் இல்லை; வேலையும் இல்லை. கற்ற கல்வி வயிற்றுக்கு உதவவில்லை என்று கலங்கிப் பறவைகளை மறந்திருந்தால், அவரை எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள்.

தூக்கணாங்குருவி கற்பித்த பாடம்

நகர வாழ்க்கைக்குப் பொருள் போதாமையால், தம்பதியர் கடற்கரைச் சிற்றூராகிய கிகிம் சென்று தங்கினர். வீட்டின் அருகே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டத் தொடங்கின. வேலையற்ற மனிதருக்கு அதுவே வேலையாயிற்று. நாள்தோறும் மணிக்கணக்காக அமர்ந்து குருவிகளின் செயல்களைக் குறித்தார்.

நம் வயலோரத்துப் பனையிலும் ஈச்ச மரத்திலும் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்குவதைப் பலரும் கண்டிருப்பர். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரு கூட்டைக் கட்டிக் குடும்பம் நடத்துகின்றன என்றே அவர்கள் எண்ணியிருக்கலாம். சலீம் அலி கண்ட உண்மை வேறு. ஆண் குருவியே கூட்டைப் பின்னுகிறது. பாதி கட்டி முடித்த நிலையில் பெண் குருவிகள் வந்து கூட்டைச் சோதிக்கின்றன. பிடித்திருந்தால் ஒரு பெண் அக்கூட்டை ஏற்றுக்கொள்கிறது. பின்னர் ஆண் அக்கூட்டை முடித்துக் கொடுத்துவிட்டு, வேறொரு பெண்ணை எதிர்நோக்கி அடுத்த கூட்டைத் தொடங்குகிறது. முட்டையிட்டு அடைகாப்பதும் குஞ்சுகளைப் பேணுவதும் பெரும்பாலும் தாயின் பொறுப்பாகவே அமைகின்றன. எல்லோரும் தலைமுறை தலைமுறையாகக் கண்ட ஒரு குருவியிடத்தே ஒருவரும் காணாத செய்தி ஒளிந்திருந்தது. இவ்வாராய்ச்சி பறவை அறிஞரிடையே சலீம் அலியின் பெயரை நிலைநாட்டியது.

செத்த பறவையின் தோலையும் இறகையும் அளந்து பெயர் சூட்டுவதே அந்நாளில் பறவையியலின் பெரும்பகுதியாக இருந்தது. சலீம் அலியும் ஆராய்ச்சியின் பொருட்டுப் பறவைகளைச் சேகரித்தவரே. ஆயினும், உயிருள்ள பறவை வயலிலும் காட்டிலும் எவ்வாறு வாழ்கிறது என்பதை அறிவதே உயர்ந்த கல்வி என அவர் கருதினார்.

ஊதியமின்றி ஊர் ஊராக

வேலை தருவார் இல்லாதபோது, சலீம் அலி தாமே ஒரு வேலையை அமைத்துக்கொண்டார். சமத்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்கத் தாம் அணியமாக இருப்பதாகவும், பயணச் செலவும் முகாம் செலவும் கிடைத்தாற் போதும், ஊதியம் வேண்டா என்றும் அவர் தெரிவித்தார். ஐதராபாத்து, கொச்சி, திருவிதாங்கூர் முதலிய சமத்தானங்களில் இவ்வாறு சுற்றினார். மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் சென்று, கூடாரங்களில் தங்கி, வைகறையிலேயே எழுந்து தொலைநோக்குக் கண்ணாடியுடன் புறப்படுவார். கண்டதை அன்றன்றே குறிப்பேட்டில் எழுதுவார். தெகுமினா அம்மையார் வசதிகளைத் துறந்து இம்முகாம்களில் உடனிருந்து உதவினார்.

மெய்ப்பொருள் காண்பதில் சலீம் அலி எவர்க்கும் அஞ்சியதில்லை. இந்தியப் பறவைகளைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற இயூ விசுலர் என்னும் ஆங்கில அறிஞரின் கூற்றில் பிழை இருப்பதைச் சுட்டிக்காட்டினார். பெயர் அறியாத இந்தியர் ஒருவர் தம்மைத் திருத்துவதா என விசுலர் முதலில் சினந்தார். பின்பு தம்மிடமிருந்த பறவைகளை மீண்டும் ஆராய்ந்து, பிழை தம்முடையதே என ஒப்புக்கொண்டார். அன்றுமுதல் இருவரும் உற்ற நண்பராயினர். சுட்டிக்காட்டியவர் துணிவும், ஒப்புக்கொண்டவர் நேர்மையும் அறிவுலகிற்கு அணிகலன்களாகும்.

1939-ஆம் ஆண்டில் தெகுமினா அம்மையார் ஓர் அறுவை மருத்துவத்தைத் தொடர்ந்து மறைந்தார். இத்துயரம் சலீம் அலியைப் பெரிதும் வாட்டியது. தமக்கை கமூவும் அவர் கணவரும் தம் இல்லத்தில் இடமளித்துத் தேற்றினர். துயரை ஆற்றும் மருந்தாகவும் பணியே அமைந்தது. 1941-ஆம் ஆண்டில் இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய நூல் வண்ணப் படங்களுடன் வெளிவந்தது. பறவை நூல் பயில்வார்க்கு மட்டுமேயன்றி, பொதுமக்களுக்கும் அது கண் திறந்தது. விடுதலைப் போரில் சிறையிலிருந்த நேரு பெருமகனார் அந்நூலைத் தம் மகள் இந்திராவுக்கு அளித்தார் என்பது அறியத்தக்கது.

பறவைக் காலில் ஒரு வளையம்

1957-ஆம் ஆண்டில் மைசூர் நாட்டின் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிந்து வீழ்ந்தன. மக்களையும் ஒரு புதிய காய்ச்சல் தாக்கியது. உண்ணிகளால் பரவிய அந்நோயின் நச்சுயிரி, உருசிய நாட்டில் காணப்பட்ட ஒன்றை ஒத்திருந்தது. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வந்தனவோ என்னும் ஐயம் பிறந்தது. அதனை ஆராயும் பொருட்டு, உலக நலவாழ்வு நிறுவனத்தின் உதவியுடன், பம்பாய்க் கழகம் சலீம் அலியின் தலைமையில் பறவைகளின் வழிச்செலவை ஆராயத் தொடங்கியது.

முறை எளிது, உழைப்புப் பெரிது. கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய வலைகளை விடியலுக்கு முன்னரே விரிக்கவேண்டும். சிக்கிய பறவையை நோகாமல் எடுத்து, எடையிட்டு, சிறகை அளந்து, எண்ணும் கழகத்தின் பெயரும் பொறித்த உலோக வளையத்தைக் காலில் மாட்டி விடுவிக்க வேண்டும். தொலைநாட்டில் எவரேனும் அப்பறவையைக் கண்டெடுத்து எண்ணை எழுதி அனுப்பினால்தான் பயன் விளையும். ஆயிரக்கணக்கான வளையங்களுக்குச் சில மறுமொழிகளே வரும். ஆயினும், வந்த மறுமொழிகள் வியப்பூட்டின. பரத்பூரில் வளையமிட்ட வாத்துகள் சைபீரியா முதலிய வடபுல நாடுகளில் கண்டெடுக்கப்பட்டன. புலவர் கற்பனையிலும் உழவர் பேச்சிலும் இருந்த வடதிசை, இவ்வாறு நிலப்படத்தில் ஓர் இடமாயிற்று. பறவைகளே அந்நோயைக் கொணர்ந்தன என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. நோயைப் பற்றி எழுந்த ஐயம் பறவைகளின் வழியை அறிவதற்குத் துணைசெய்தது.

தமிழ்நாட்டிற்கும் இப்பணியில் பங்குண்டு. வங்கக் கடலும் பாக்கு நீரிணையும் சந்திக்கும் கோடிக்கரையின் சிறப்பை 1960-களின் தொடக்கத்தில் சலீம் அலி எடுத்துரைத்தார். பூநாரைகளும் உள்ளான்களும் பெருந்திரளாக வந்து தங்கும் அவ்விடம் 1967-ஆம் ஆண்டில் உயிரினப் புகலிடம் ஆயிற்று. கழகத்தின் வளையமிடும் பணி அங்கும் நடந்தது. இன்று வளையத்துடன், செயற்கைக்கோள் வழியே இருப்பிடம் உணர்த்தும் மிகச் சிறிய கருவிகளும் பறவைகளுக்குப் பொருத்தப்படுகின்றன. கருவி மாறினும் வினா ஒன்றே.

காப்பும் ஒரு படிப்பினையும்

பரத்பூர் ஏரி ஒரு காலத்தில் அரசர்களும் ஆளுநர்களும் வாத்து வேட்டையாடும் களமாக இருந்தது. 1938-ஆம் ஆண்டில் ஒரே நாளில் 4,273 பறவைகள் அங்கே சுட்டு வீழ்த்தப்பட்டன. அவ்விடத்தைப் பறவைகளின் புகலிடமாக்குவதில் சலீம் அலி முன்னின்றார். பிற்காலத்தில் அது தேசியப் பூங்காவாகவும், 1985-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரிய இடமாகவும் உயர்ந்தது.

ஆனால், பெரியோர் வாழ்விலும் ஆராய்ந்து தெளியவேண்டிய பகுதிகள் உண்டு. அப்பூங்காவில் மாடுகள் மேய்வதைத் தடுக்கவேண்டும் என்னும் கொள்கையை அவர் ஆதரித்தார். 1982-ஆம் ஆண்டில் தடை நடைமுறைக்கு வந்தபோது, தலைமுறைகளாக அங்கே எருமைகளை மேய்த்து வந்த சிற்றூர் மக்கள் கொதித்தெழுந்தனர்; கலவரத்தில் உயிர்கள் பலியாயின. தடைக்குப் பின் புல் மண்டி நீர்நிலைகளை அடைத்தது. பலவகை நீர்ப்பறவைகள் குறைந்தன. எருமைகளின் மேய்ச்சலே நீரைத் திறந்து வைத்திருந்தது என்பதை அவர் வளர்த்த கழகத்தின் ஆராய்ச்சியே பின்னர்த் தெளிவாக்கியது. அறிவியல் தன் தலைமகன் கருத்தையும் சோதித்துத் திருத்தும் இயல்புடையது என்பதற்கு இது சான்று.

நம் செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. அங்கே பறவைகளைக் காத்தவர்கள் உழவர்களே. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். பறவைகளைச் சுடுவோரைத் தடுக்கக் கோரி 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆட்சியாளரிடம் முறையிட்டு உரிமை பெற்றனர். பறவையைக் காப்பதும் அதனருகே வாழும் மக்களைக் காப்பதும் இருவேறு அறங்கள் அல்ல.

முதுமையும் பெருமையும்

சலீம் அலி மெலிந்த உடலும் கூரிய மூக்கும் குன்றாத ஊக்கமும் உடையவர். காலந்தவறாமையைப் பெரிதும் போற்றினார். முகாமில் குறட்டை விடுவோரை அவரால் பொறுக்க இயலாது. விசையுந்துகளில் அவருக்கு அளவற்ற விருப்பம். 1950-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு உப்சாலாவில் நடந்த உலகப் பறவையியல் மாநாட்டிற்குத் தம் விசையுந்தைக் கப்பலில் கொண்டுசென்று, ஐரோப்பியச் சாலைகளில் ஓட்டிச் சென்றார். அவர் இந்தியாவிலிருந்தே அதனை ஓட்டி வந்தார் என்று சிலர் எண்ணி வியந்தனர்.

பிறர் ஓய்வை நாடும் பருவத்தில் அவர் பெரும்பணியைத் தொடங்கினார். அமெரிக்க அறிஞர் தில்லன் இரிப்ளியுடன் சேர்ந்து இந்தியா, பாகித்தான் பறவைகளைப் பற்றிய பெருநூலைப் பத்துத் தொகுதிகளாக எழுதினார். 1968-ஆம் ஆண்டில் முதல் தொகுதி வந்தபோது அவருக்கு வயது எழுபதுக்கு மேல். 1974-ஆம் ஆண்டில் பத்தாம் தொகுதி வெளிவந்தது. பட்டம் இல்லை என்று ஒருகாலத்தில் பதவி மறுக்கப்பட்டவர்க்கு அலிகார், தில்லி, ஆந்திரப் பல்கலைக்கழகங்கள் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கின. இந்திய அரசு 1958-இல் பத்ம பூசண் விருதும், 1976-இல் பத்ம விபூசண் விருதும் அளித்தது. 1976-இல் கிடைத்த கெட்டி விருதின் பெரும்பொருளை இயற்கைக் காப்பு நிதிக்கே ஆக்கினார். 1985-ஆம் ஆண்டில் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அவ்வாண்டே அவருடைய தன்வரலாறு வெளிவந்தது. சிறுவயதில் வீழ்த்திய அக்குருவியின் நினைவையே அந்நூலின் பெயர் தாங்கி நிற்கிறது.

1987-ஆம் ஆண்டு சூன் திங்கள் 20-ஆம் நாள், தொண்ணூறாம் அகவையில் அவர் மறைந்தார். அவர் பெயரால் 1990-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் பறவையியல், இயற்கை வரலாற்று மையம் நிறுவப்பெற்றது.

முடிவுரை

அம்பத்தூரிலும் ஆவடியிலும் வயல்களாக இருந்த நிலங்களுள் பல, இன்று ஆலைகளாகவும் வீடுகளாகவும் மாறிவிட்டன. மக்களுக்குத் தொழிலும் இல்லமும் வேண்டும். அதனை மறுப்பார் இல்லை. ஆயினும் ஆயிரக்கணக்கான கல் தொலைவு பறந்து வரும் வாலாட்டிக்கு, சென்ற ஆண்டு இரை தந்த வயல் இவ்வாண்டு சுவராகி நிற்பது தெரியாது. எஞ்சியுள்ள ஏரியும் வயலும் யாவை, அவற்றில் எப்பறவை எத்தனை வருகின்றது என்பதைக் கண்டு எழுதி வைப்பவர் இருந்தால்தான், இழப்பது இன்னதென்று ஊரார் அறிவர், அறிந்தால்தான் காப்பர்.

அதற்குப் பட்டமும் பதவியும் வேண்டுவதில்லை. குளிர்கால விடியலில் ஏரிக்கரைக்குச் செல்லும் கால்களும், ஆரவாரமின்றி நிற்கும் பொறுமையும், ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் போதும். நாளும் இடமும் பறவையின் நிறமும் எண்ணிக்கையும் பிழையின்றிக் குறிக்கவேண்டும். தெரியாததைத் தெரியாது என்றே எழுதவேண்டும். மஞ்சள் தொண்டைக் குருவியைக் கையிலேந்திச் சென்ற பத்து வயதுச் சிறுவனிடம் இருந்ததும் விடையன்று. ஒரு வினா மட்டுமே. அவ்வினாவை எண்பது ஆண்டுகள் கைவிடாமல் காத்ததே சலீம் அலியின் பெருமையாகும்.